ஆரல்வாய்மொழிக் காற்றும் தூத்துக்குடிக் கரியும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

குமரி மாவட்டத்திலிருந்து ஆடி மாதத்தில் வரும் கடிதங்களில் காற்றாலைகளைப் பற்றிய கேள்விகள் கூடுதலாக இருப்பது வழக்கம். இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை காற்றாலை மின்சாரத்தையும் நிலக்கரி போன்ற புதைபடிவ எரிபொருள்களிலிருந்து கிடைக்கும் மின்சாரத்தையும் எதிரெதிரே நிறுத்தி, எது மேல் என்று கேட்பவை. ஆகவே இந்த இதழில் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கித் தந்துள்ளோம்.

கேள்வி: எங்கள் கல்லூரிப் பட்டிமன்றத்தில் ‘நாட்டின் மின்தேவைக்கு ஏற்றது காற்றா, நிலக்கரியா?’ என்பது தலைப்பு. நான் காற்றின் பக்கம் பேசுகிறேன். "காற்று அடித்தால்தான் காற்றாலை, நிலக்கரி இரவு பகல் பாராமல் மின்சாரம் தரும்" என்று எதிரணியினர் சொன்னால் என்ன பதில் சொல்வது?
– கல்லூரி மாணவி, ஆரல்வாய்மொழி

பதில்: எதிரணியினர் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. அதை மறுக்க முயன்றால் உங்கள் அணி முதல் சுற்றிலேயே தடுமாறும். ஒப்புக்கொண்டுவிட்டு, அடுத்த கேள்விக்கு அவர்களை இழுப்பதே நல்லது.

முதலில் மெகாவாட்டையும் யூனிட்டையும் பிரித்துப் பேசப் பழகுங்கள். மெகாவாட் என்பது ஓர் இயந்திரம் முழு அளவில் ஓடினால் தரக்கூடிய திறன். யூனிட் என்பது அது உண்மையில் தந்த மின்சாரம். ஒரு மோட்டார் சைக்கிள் மணிக்கு நூறு கிலோமீட்டர் போகக்கூடியது என்பதற்கும், அது ஓர் ஆண்டில் எவ்வளவு தூரம் ஓடியது என்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. நல்ல காற்றுள்ள இடத்தில் நிற்கும் ஒரு மெகாவாட் காற்றாலை, ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் தன் திறனில் கால் பங்கு அளவுக்கு ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 22 லட்சம் யூனிட் கிடைக்கும். அதே ஒரு மெகாவாட் திறன் அனல்மின் நிலையத்தில் 65 சதவீத அளவுக்கு ஓடினால் 57 லட்சம் யூனிட் கிடைக்கும். ஆகவே, தமிழ்நாட்டில் காற்றாலைகளின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது என்ற பெருமையை மட்டும் மேடையில் சொன்னால், எதிரணியில் கணக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்தாலும் உங்களை மடக்கிவிடுவார்.

அடுத்தது மாதக் கணக்கு. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி, பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்களின் வழியாக நெருக்கிக்கொண்டு கிழக்கே பாய்கிறது. நெருக்கும் இடத்தில் காற்றின் வேகம் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும் என்பது இயற்பியல் விதி. நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றைவிட 12 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றில் எட்டு மடங்கு ஆற்றல் இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலில் தொடங்கி, காவல்கிணறு, பணகுடி, பழவூர், இராதாபுரம் என்று நெல்லை மாவட்டத்துக்குள்ளும் காற்றாலைகள் பரவி நிற்பதற்கும், அதே குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் அவை இல்லாததற்கும் காரணம் இந்தக் கணவாய்தான். ஆனால் இந்தப் பெருங்காற்று மே முதல் செப்டம்பர் வரைதான். அக்டோபருக்குப் பிறகு காற்று தளர்ந்துவிடும். தை, மாசி மாதங்களில் உங்கள் ஊர்ப் பக்கத்துக் காற்றாலைகள் பல நாள்கள் வெறுமனே நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகு உங்களுக்கு எஞ்சும் வாதம் வலுவானது. பருவத்தின் உச்சத்தில் தமிழ்நாட்டுக் காற்றாலைகள் ஒரே நாளில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் தந்திருக்கின்றன. இந்திய நிலக்கரியில் ஒரு யூனிட் எடுக்க ஏறத்தாழ 700 கிராம் கரி வேண்டும். அப்படியானால் அந்த ஒரு நாளில் எரிக்காமல் விட்ட கரி 70,000 டன். ஒரு சரக்கு ரயில் ஏறத்தாழ 4,000 டன் நிலக்கரி சுமக்கும் என்பதால், பதினேழு பதினெட்டு ரயில்கள் வர வேண்டிய தேவை அந்த ஒரே நாளில் இல்லாமல் போயிற்று. யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ என்ற கணக்கில் ஒரு லட்சம் டன் கரியமில வாயுவும் வெளியேறவில்லை. இந்திய நிலக்கரியில் 30 சதவீதத்துக்கு மேல் சாம்பல் என்பதால் 20,000 டன்னுக்குக் குறையாத சாம்பலும் மிச்சம்.

காற்றாலை இன்று அனல்மின் நிலையத்தை மூடவில்லை. அதன் அடுப்பைத் தணிக்கிறது. காற்றாலையினால் மிச்சமாவது எரிபொருளே தவிர நிலையம் அல்ல என்ற இந்த வேறுபாட்டை நடுவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டீர்களானால், "காற்று நின்றால் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வியின் கூர் பாதி மழுங்கிவிடும். மீதிப் பாதிக்கு இரண்டு செய்திகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, நிலக்கரியும் எப்போதும் இருப்பதல்ல. 2021 அக்டோபரிலும் 2022 ஏப்ரலிலும் நாடு முழுவதும் அனல்மின் நிலையங்களில் கரியிருப்பு குறைந்து திண்டாடியது நினைவிருக்கலாம். மற்றொன்று, 2012-இல் தமிழ்நாட்டைக் கடுமையான மின்வெட்டு வாட்டியபோது காற்றுப் பருவத்தில் அது தணிந்தது. பருவம் முடிந்ததும் மீண்டும் கூடியது. இந்த இரண்டாவது செய்தியை எதிரணியினரும் எடுத்தாளக்கூடும் என்பதால் அதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது உத்தமம்.

"காற்று இலவசம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். காற்றுக்கு விலையில்லை, அதைப் பிடிக்கும் இயந்திரத்துக்கும், வாங்கிய கடனுக்கும், மின்கம்பித் தடத்துக்கும் விலை உண்டு.

கேள்வி: நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் போகும்போது, ஆளையே தள்ளும் காற்றிலும் முப்பந்தல் பக்கம் சில காற்றாடிகள் அசையாமல் நிற்கின்றன. பக்கத்தில் உள்ளவை சுற்றும்போது இவை மட்டும் ஏன் நிற்கின்றன? மின்சாரத்தை வேண்டுமென்றே வீணாக்குகிறார்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பூதப்பாண்டி

பதில்: பேருந்துச் சன்னல் வழியாகவே ஓரளவுக்குக் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

நிற்கும் காற்றாலையின் இறக்கைகளை முதலில் பாருங்கள். அகலமான முகத்தைக் காற்றுக்குக் காட்டாமல் விளிம்பைக் காட்டிக்கொண்டு இறக்கைகள் திரும்பியிருந்தால், அது கட்டுப்பாட்டுக் கருவியால் நிறுத்தப்பட்ட புதிய வகை இயந்திரம். பழைய வகையில் இறக்கை முழுவதும் திரும்பாது. இறக்கையின் நுனியில் ஒரு துண்டு மட்டும் தனியே குறுக்காகத் திரும்பி நிற்கும். அந்த நுனித் துண்டுதான் அதற்குத் தடை. நுனி திரும்பியிருந்தால் யாரோ நிறுத்தியிருக்கிறார்கள், அல்லது தானே நின்றிருக்கிறது என்று பொருள். கோபுரத்தின் மேற்பகுதியிலிருந்து கறுப்பாக எண்ணெய் வழிந்த கறை நீண்டு கிடந்தால் பெரும்பாலும் கியர் பெட்டியில் கோளாறு இருக்கும். அப்படி ஒன்று பருவத்தின் நடுவில் பழுதானால், அவ்வளவு காற்றில் பெரிய கிரேன் வைத்து மேலே வேலை செய்ய முடியாது. காற்று தணியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். காற்று மிகுதியாக இருக்கும் நாளில் காற்றாலை நிற்பது இதனால்தான் அவ்வளவு அரிதன்று.

காற்றே அளவுக்கு மீறினாலும் நிறுத்துவார்கள். பொதுவாக நொடிக்கு 3 அல்லது 4 மீட்டர் வேகத்தில் காற்றாலை மின்சாரம் தரத் தொடங்கும். 12 மீட்டர் அளவில் முழுத் திறனை எட்டும். 25 மீட்டருக்கு மேல் போனால் பாதுகாப்புக்காகத் தானாக நின்றுவிடும்.

இன்னொரு காரணம் கம்பித் தடம். காற்று உச்சத்தில் இருக்கும் இரவுகளில் ஊரே தூங்குகிறது; தேவை குறைகிறது; துணை மின்நிலையமும் அதிலிருந்து போகும் தடமும் தாங்கும் அளவு ஒன்று இருக்கிறது. அப்போது காற்றாலைகளைக் குறைத்துக்கொள்ளச் சொல்வார்கள். காற்றாலை மின்சாரத்தைக் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே விதி என்றாலும், தடத்தின் பாதுகாப்பு கருதி நிறுத்தலாம் என்ற விலக்கும் அதிலேயே இருக்கிறது. அந்த விலக்கு எப்போது நியாயமாகவும் எப்போது வசதிக்காகவும் பயன்படுத்தப்படுகிறது என்பதில் காற்றாலை உரிமையாளர்களுக்கும் மின்வாரியத்துக்கும் நெடுங்காலமாக வழக்கு உண்டு. உங்கள் கேள்வியில் ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லுக்கு இடமிருக்கிறது என்றால் அது இங்கேதான்.

எங்கள் கணிப்பில் பெரிய காரணம் வயது. தமிழ்நாட்டில் காற்றாலைப் பண்ணை 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில், 55 கிலோவாட் இயந்திரங்களோடு சோதனை அளவில் தொடங்கியது. 1990-களில் முப்பந்தல் பகுதியில் தனியார் முதலீடு வந்து குவிந்தது. காற்றாலையின் முழு மதிப்பையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற சலுகை அப்போது இருந்தது. அதனால் மின்சாரத்துக்காகக் காற்றாலை போட்டவர்களோடு வரிக்காகக் காற்றாலை போட்டவர்களும் வந்து சேர்ந்தார்கள். நாட்டிலேயே மிகச் சிறந்த காற்று வீசும் நிலத்தில் 225, 250 கிலோவாட் அளவுள்ள சிறிய இயந்திரங்கள் நெருக்கமாக நடப்பட்டது அந்தக் காலத்தில்தான். அவற்றின் இறக்கை வட்டம் 30 மீட்டருக்குள், கோபுரமும் தாழ்வு. இன்று வரும் இயந்திரத்தின் இறக்கை வட்டம் 120 முதல் 140 மீட்டர் அல்லது அதற்கும் மேல். ஒன்றின் திறன் 2 முதல் 3 மெகாவாட் வரை. இறக்கை வட்டத்தின் விட்டம் ஐந்து மடங்கானால் அது வாரிக்கொள்ளும் காற்றின் பரப்பு இருபத்தைந்து மடங்கு.

பழையவற்றை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதியவற்றை நிறுவ மத்திய அரசு 2016-இலும், மாநில அரசு 2024-இலும் கொள்கை வகுத்தன. வேலை மெதுவாகவே நகர்கிறது. ஒரு பெரிய இயந்திரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே இறக்கை விட்டத்தைப் போலப் பல மடங்கு இடைவெளி வேண்டும். ஆனால் நிலமோ பல உரிமையாளர்களின் கையில் சிறு சிறு துண்டுகளாக இருக்கிறது. பத்துப் பேருடைய பத்துக் காற்றாடிகளை எடுத்துவிட்டு இரண்டு பெரிய காற்றாலைகளை நிறுத்தினால் அந்த இரண்டும் யாருடையவை என்பதற்கு எளிதான விடை இல்லை.

கேள்வி: காற்றாலைகள் வந்த பிறகு எங்கள் பக்கம் மழை குறைந்துவிட்டது, அவை மேகத்தை விரட்டிவிடுகின்றன என்று ஊரில் பலரும் சொல்கிறார்கள். இது சரியா?
– பூ விவசாயி, தோவாளை

பதில்: சரியன்று என்பதே எங்கள் பதில். ஆனால் அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் வருத்தத்தைத் தள்ளிவிட முடியாது.

தென்மேற்குப் பருவ மேகங்கள் மலையின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் கொட்டித் தீர்த்துவிடுகின்றன. கணவாயில் ஏற வேண்டிய மலை இல்லை. மேகங்கள் தாழ்வாக வந்தாலும் காற்றோடு கிழக்கே ஓடிவிடும். ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே செம்மண்ணும் உடைமரமுமாக வறண்டு கிடப்பது காற்றாலைகள் வந்த பிறகு ஏற்பட்டதன்று. அந்தப் பகுதிக்கு முதன்மையான மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பது. அந்த மாதங்களில்தான் காற்றாலைகள் மிகக் குறைவாகச் சுற்றுகின்றன. மேகத்தை விரட்டுவது அவை என்றால், மழைக்காலத்தில் அவை பெரும்பாலும் நின்றுகொண்டிருப்பதை எப்படி விளக்குவது?

தரைமட்டத்தில் மாறுதல் எதுவுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. சுற்றும் இறக்கைகள் மேல்காற்றையும் கீழ்க்காற்றையும் கலக்கிவிடுவதால், காற்றாலைப் பண்ணைக்குள்ளும் அதையடுத்தும் தரையோரக் காற்று இரவில் சற்று வெப்பமாகவும் பகலில் சற்றுக் குளிர்ச்சியாகவும் இருப்பதை, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சான் கோர்கோனியோ கணவாயில் எடுத்த அளவீடுகளைக் கொண்டு 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதுவும் ஒரு கணவாய்தான். அந்த மாறுதல் பண்ணையின் அருகே உணரப்படுவது. மாவட்டத்தின் மழையை மாற்றும் அளவினது அன்று.

உங்கள் குளத்துக்கு நீர் வரத்து குறைந்திருந்தால் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தரையைப் பார்க்கச் சொல்வோம். காற்றாலையின் பெரிய பாகங்களைக் கொண்டுபோகப் போட்ட மண் சாலை ஏதாவது ஓடையின் குறுக்கே போகிறதா, அதில் நீர் கடக்கக் குழாயோ பாலமோ வைத்தார்களா, வரத்துக்கால்வாயின் மேல் அடித்தளம் எழும்பியிருக்கிறதா என்பவை ஊராட்சியிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் வரைபடத்தோடு கேட்கக்கூடிய கேள்விகள். மழையைப் பற்றிய புகாரை அதிகாரிகள் சிரித்துத் தள்ளிவிடலாம். புல எண் குறித்த புகாரை அப்படித் தள்ள முடியாது.

கேள்வி: நம் மாவட்டத்தில் இவ்வளவு காற்றாலைகள் இருந்தும் எங்கள் மின்கட்டணம் குறையவில்லையே?
– சிறுதொழில் பட்டறை உரிமையாளர், நாகர்கோவில்

பதில்: அந்தக் காற்றாலைகளில் பெரும்பகுதி தனியாருடையவை, அவற்றிலும் நூற்பாலைகள் தங்கள் சொந்தத் தேவைக்காக வைத்திருப்பவை ஏராளம். முப்பந்தலில் எடுத்த மின்சாரத்தை மின்வாரியத்தின் கம்பியில் விட்டு, கோவையிலோ இராஜபாளையத்திலோ உள்ள தங்கள் ஆலையில் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். எஞ்சியதை வாரியம் விலைக்கு வாங்குகிறது. அது மலிவாகக் கிடைத்தாலும், காற்று இல்லாத மாதங்களின் மாலை நேரங்களில் மின்சந்தையில் யூனிட்டுக்கு உச்சவரம்பான 10 ரூபாய் வரை கொடுத்து வாங்க நேர்வதால், ஆடியில் மிச்சமானது சித்திரையில் செலவாகிவிடுகிறது. கட்டணம் மாநிலம் முழுவதற்கும் ஒன்றே என்பதால், காற்றாலையின் நிழலில் குடியிருப்பவருக்குத் தனிச்சலுகை எதுவும் இல்லை. இரைச்சலும் சாலைப் புழுதியும் உள்ளூருக்கு, வருவாய் வெளியூருக்கு என்ற நிலை நியாயமானதன்று. யூனிட்டுக்குச் சில காசுகளையாவது அந்தந்த ஊராட்சிக்கு ஒதுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: காற்றாலை செய்வதற்கே இரும்பும் சிமெண்டும் வேண்டும், அவற்றைச் செய்ய நிலக்கரி வேண்டும். இறக்கைகளோ மக்காத நாரிழை. பறவைகளும் அடிபடுகின்றன. பிறகு எப்படி இதைத் தூய மின்சாரம் என்கிறார்கள்?
– வாசகர், சுசீந்திரம்

பதில்: செய்வதற்கு நிலக்கரி செலவாவது உண்மை. கேள்வி அளவைப் பற்றியது. சுரங்கத்திலிருந்து தொடங்கி, தயாரிப்பு, போக்குவரத்து, நிறுவுதல், பிரித்தெடுத்தல் வரை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, பன்னாட்டுக் காலநிலை மாற்றக் குழு 2014-இல் தந்த இடைமதிப்பின்படி, நிலத்தில் நிற்கும் காற்றாலையின் ஒரு யூனிட்டுக்கு 11 கிராம் கரியமில வாயு. நிலக்கரிக்கு 820 கிராம். இயற்கை எரிவாயுவுக்கு 490 கிராம். தன்னைச் செய்யச் செலவான ஆற்றலை நல்ல இடத்தில் நிற்கும் காற்றாலை ஓராண்டு அளவிலேயே திருப்பித் தந்துவிடும். அதன் ஆயுளோ இருபது ஆண்டுக்கு மேல்.

இறக்கையைப் பற்றிய உங்கள் குறை அப்படியே நிற்கிறது. கோபுரத்தின் இரும்பும் மின்னாக்கியின் செம்பும் உடனே விலைபோகும். கண்ணாடி நாரிழையும் பிசினும் ஒட்டிய இறக்கையை வாங்க ஆள் இல்லை. முப்பந்தலில் பழையவற்றைக் கழற்றும் வேலை வேகம் பிடித்தால் இந்த இறக்கைகள் எங்கே போய்ச் சேரும் என்பதை இப்போதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். அதே சமயம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் நாள்தோறும் ஆயிரக்கணக்கான டன்னாக வருவது; இறக்கை கால் நூற்றாண்டுக்கு ஒருமுறை வருவது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது பொருந்தாது. கந்தக வாயுவைப் பிடிக்கும் கருவியை அனல்மின் நிலையங்களில் பொருத்த வேண்டும் என்று 2015 டிசம்பரில் விதி வந்து, கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போனதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒரு செய்தியை இடையில் சொல்லிவிடுகிறோம். கியர் பெட்டி இல்லாத சில வகைக் காற்றாலைகளின் மின்னாக்கியில் நியோடிமியம் என்ற அருமண் உலோகம் கலந்த நிலைக்காந்தம் இருக்கிறது. அந்த உலோகம் கிடைக்கும் கனிமங்களுள் ஒன்று மோனசைட். அது நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருப்பது. அந்த மணலை அள்ளுவதற்கு எதிர்ப்பு இருக்கும் மாவட்டத்திலேயே காற்றாலையும் நிற்கிறது என்பதை, தூய ஆற்றலைப் பற்றிப் பேசுவோர் நினைவில் வைத்திருப்பது நல்லது. எல்லாக் காற்றாலைகளுக்கும் அந்தக் காந்தம் தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பறவைகளைப் பொறுத்தவரை, மகாராஷ்டிரத்தில் சாத்தாராவை அடுத்த சால்கேவாடி பீடபூமியில் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. காற்றாலைகள் உள்ள இடத்தில் பருந்து இனங்கள் குறைந்ததையும், அதனால் அவற்றுக்கு இரையான ஓணான் வகை பெருகியதையும் அது காட்டியது. ஆகவே பாதிப்பு உண்டு. அது எந்த இடத்தில் நிறுவுகிறோம் என்பதைப் பொறுத்தது. உங்கள் ஊரின் சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைத் தொகுதியும் வேம்பனூரும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்தவை. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்திறங்கும் அந்தக் குளங்களின் பக்கம் காற்றாலைகளை நீட்டாமல் இருப்பதே அறிவுடைமை.

கேள்வி: கடலுக்குள் காற்றாலை வரப்போகிறது என்கிறார்கள். எங்கள் தொழில் என்னாகும்?
– விசைப்படகு உரிமையாளர், குளச்சல்

பதில்: 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் மதிப்பில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதன்படி குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட் அளவுக்குக் காற்றாலை நிறுவும் நிறுவனங்களுக்கு, செலவில் ஏற்படும் பற்றாக்குறையை ஈடுகட்ட அரசு ஈடுதொகை தரும். தமிழ்நாட்டில் பேசப்படுவது இராமேசுவரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் இடைப்பட்ட தென்கடல். கடற்காற்று நிலக்காற்றைவிடச் சீரானது. அதனால் ஒரு மெகாவாட்டுக்குக் கிடைக்கும் யூனிட்டும் கூடுதல். செலவும் அப்படியே கூடுதல். அரசு ஈடு தராமல் இன்றைய நிலையில் யாரும் முன்வர மாட்டார்கள் என்பதை அந்தத் தொகையே காட்டுகிறது.

மீன்பிடிப்பைப் பற்றி ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக முடிவெடுத்திருக்கிறது. பிரிட்டனில் கடற்காற்றாலைகளுக்கு நடுவே படகுகள் போகலாம், மீன் பிடிக்கலாம். பெல்ஜியத்தில் உள்ளே நுழையவே கூடாது. நம் கடலுக்கு எந்த விதி என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. ஒவ்வொரு கோபுரத்தையும் சுற்றி 500 மீட்டர் வரை தடைப்பகுதி வைக்கப் பன்னாட்டுக் கடற்சட்டம் இடம் தருகிறது. கோபுரங்களுக்கு இடையே ஒரு கிலோமீட்டர்தான் தூரம் என்றால் அந்த இடத்தின் பெரும்பகுதி தடைப்பகுதியாகிவிடும். கரைக்கு வரும் மின்வடத்தைக் கடலடியில் புதைப்பார்களா, வெறுமனே விட்டுவிடுவார்களா என்பது இழுவலைக்காரர்களுக்கு உயிர்க்கேள்வி.

குமரி மாவட்டத்துக்கு மட்டும் உள்ள சிக்கல் ஒன்றையும் பேச்சுவார்த்தையில் எடுத்து வையுங்கள். கிழக்குக் கரைக்கான மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரைக்கானது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் என இரண்டும் இந்த ஒரே மாவட்டத்தில் நடைமுறையில் உள்ளன. தடைக்காலத்திலேயே கட்டுமான வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்: கச்சான் காற்று ஓங்கி அடிக்கும் ஆனி, ஆடிக் கடலில் அந்த வேலை நடக்காது. கடல் அடங்கியிருக்கும் மாதங்களில்தான் நடக்கும். அவை உங்களுக்கும் தொழில் மாதங்கள். இழப்பீட்டுக் கணக்கு அங்கிருந்து தொடங்க வேண்டும்.

கேள்வி: முடிவாகக் கேட்கிறேன். காற்றாலைகளை நம்பித் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தை மூடிவிடலாமா?
– அரசு ஊழியர், கன்னியாகுமரி

பதில்: காற்றாலைகளை மட்டும் நம்பி மூட முடியாது. தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024 மே மாதத் தொடக்கத்தில் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. அது கோடை வெயிலின் உச்சக் காலம். பருவக்காற்று இன்னும் வந்து சேராத நேரம். தேவையின் உச்சமும் காற்றின் உச்சமும் ஒரே மாதத்தில் வருவதில்லை. மாசி முதல் சித்திரை வரை பகலில் கைகொடுப்பது சூரிய ஒளி. மாலையில் சூரியன் மறைந்தபின் விளக்கும் மின்விசிறியும் குளிர்சாதனமும் ஒன்றாக ஓடும் நான்கைந்து மணி நேரத்துக்கு இரண்டும் இல்லை. இன்று அந்த நேரத்தைத் தாங்குவதில் பெரும்பங்கு நிலக்கரிக்கு.

அந்த நேரத்துக்கு நிலக்கரி பொருத்தமானது என்பதும் இல்லை. அனல்மின் அலகை, அதாவது ஒரு கொதிகலனும் அதன் மின்னாக்கியும் சேர்ந்த தொகுதியை, நினைத்தபோது அணைத்து நினைத்தபோது ஏற்ற முடியாது; குளிர்ந்த கொதிகலனை மீண்டும் ஏற்றப் பல மணி நேரமாகும்; ஓடும் அலகையும் 55 சதவீதத்துக்குக் கீழே இறக்குவது நம் நிலையங்களில் கடினம். நல்ல காற்று அடிக்கும் இரவிலும் அவை பாதி அளவில் கரியை எரித்துக்கொண்டுதான் இருக்கின்றன. அதே இரவில் முப்பந்தலில் சில காற்றாலைகளை நிறுத்தச் சொல்கிறார்கள். பூதப்பாண்டி ஆசிரியர் கேட்ட கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

மாலை நேரத்துக்கு ஏற்றது, நீரை மேலே ஏற்றி வைத்து வேண்டும்போது இறக்கும் நீரேற்று மின்நிலையமும் பேட்டரித் தொகுப்பும். நம் மாநிலத்தில் அப்படி ஓடிக்கொண்டிருக்கும் பெரிய நிலையம் கோவை மாவட்டத்துக் காடம்பாறை. அதன் திறன் 400 மெகாவாட். 20,000 மெகாவாட் தேவைக்கு அது எவ்வளவு சிறியது என்பதைப் பார்த்தாலே வேலை எங்கே தேங்கியிருக்கிறது என்பது விளங்கும். குமரி மாவட்டத்துக் கோதையாற்று மின்நிலையங்கள் இரண்டும் சேர்ந்தே 100 மெகாவாட்தான்.

தூத்துக்குடி நிலையத்தில் 210 மெகாவாட் அளவில் ஐந்து அலகுகள். முதல் அலகு 1979-இல் தொடங்கியது. அதற்கான கரி ஒடிசாவிலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கும், அங்கிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கும் வருகிறது. ஓர் அலகு முழு அளவில் ஓடினால் நாளொன்றுக்கு 3,000 டன்னுக்கு மேல் வேண்டும். இவ்வளவு வயதான அலகுகளைக் காற்றுப் பருவத்தில் முழுவதுமாக நிறுத்தி வைத்து, அந்த மாதங்களில் பராமரிப்பை முடித்து, காற்றில்லாத மாதங்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அவற்றின் இடத்தைப் பிடிக்கப் புதிய அனல்மின் நிலையம் கட்டுவதற்கு நாங்கள் உடன்படவில்லை. அந்தப் பணத்தை முப்பந்தலின் பழைய இயந்திரங்களை மாற்றுவதற்கும், அங்கிருந்து போகும் கம்பித் தடங்களை வலுப்படுத்துவதற்கும், நீரேற்று நிலையங்களுக்கும் செலவிட்டால், அலகுகளை ஒவ்வொன்றாக ஓய்வளிக்கும் நாள் வரும். எத்தனை ஆண்டில் என்று கேட்டால், முப்பந்தல் நிலத்துண்டுகளின் உரிமைச் சிக்கல் எவ்வளவு விரைவில் தீர்கிறது என்பதைப் பொறுத்து என்றே சொல்ல முடியும்.

கேள்வி: வீட்டு மொட்டைமாடியில் சிறிய காற்றாலை ஒன்று வைத்தால் மின்கட்டணம் மிச்சமாகுமா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: ஆகாது. மார்த்தாண்டத்தில் வீட்டைச் சுற்றித் தென்னையும் ரப்பரும் நிற்கும். மாடி உயரத்தில் காற்று சுழன்று சுழன்று வரும், வேகமும் இருக்காது. பாதி வேகத்துக்கு எட்டில் ஒரு பங்கு ஆற்றல்தான் என்பதை மேலே சொன்னோம். அதே பணத்துக்குச் சூரியத் தகடு வையுங்கள். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. விண்ணப்பிக்கும் முன் காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் மாடியில் தென்னை நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தகட்டில் விழும் நிழல் அதோடு தொடராக இணைத்த மற்றவற்றின் மின்சாரத்தையும் குறைத்துவிடும்.